பாமணியாற்றுப் பக்கக் களிமண்: மணல் கொட்டலாமா, உளுந்து வருமா, தென்னை நிற்குமா?
(வடகரை வயல் கேட்கிறார்; மற்ற பெயர்களில் இருப்பவர்கள் பதில் சொல்கிறார்கள்.)

வடகரை வயல்:
நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே, பாமணியாற்றுக் கரையிலிருந்து அரை கிலோமீட்டர் உள்ளே ஒன்பது மா நிலம், அதாவது 3 ஏக்கர். கருஞ்சாம்பல் நிறக் களி. ஈரமாக இருந்தால் மண்வெட்டியை விட்டு வராது. பங்குனி, சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. ஆற்றை ஒட்டிய நிலமோ பொலபொலவென்று வண்டலாக இருக்கிறது. சம்பா மட்டும்தான் ஒழுங்காக விளைகிறது. மணல் அடித்து மண்ணை இளக்கலாமா? சம்பா அறுத்ததும் உளுந்து போட்டால் வருமா? ஒரு ஓரத்தில் இருபது தென்னை வைக்க நினைக்கிறேன். 3 அடிக் குழி தோண்டி, செம்மண்ணும் மணலும் போட்டு நடச் சொல்கிறார்கள். சரியா?

படுகை மண்:
முதலில் மண் ஏன் இப்படி மாறுகிறது என்று பார்த்துவிடலாம். வெள்ளம் கரை மீறும்போது கனமான மணலும் வண்டலும் கரையோரமே இறங்கிவிடும். நுண்ணிய களி மட்டும் தண்ணீரோடு உள்ளே போய், தேங்கிய தாழ்வில் மெல்லப் படியும். அதனால்தான் அரை கிலோமீட்டருக்குள் மண் ஆளே மாறிவிடுகிறது. டெல்டாவில் இந்தக் கனத்த களியை மண் வகைப்பாட்டில் களத்தூர் வகை என்று குறிப்பார்கள். இதில் உள்ள களிக் கனிமம் தாள் தாளாக அடுக்கியது. தாள்களுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் உப்பும், வெளியேறினால் சுருங்கி வெடிக்கும்.

மணல் அடிக்க வேண்டாம். ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண்ணின் எடையே சுமார் 800 டன். களி 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டு அதை 30-க்குக் கொண்டுவர, ஏக்கருக்கு 500 டன்னுக்கு மேல் மணல் வேண்டும். 10 டன் டிப்பரில் ஐம்பது லோடுக்கு மேல் ஆகும். நாலைந்து லோடு அடித்தால் களி அந்த மணலை விழுங்கிக்கொள்ளும், மண் இளகாது. மணலுக்குக் கொடுக்கும் காசை வடிகாலுக்கும் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிருக்கும் போடுங்கள். தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழ வேண்டும். வருடா வருடம் செய்தால்தான் கட்டி உடையும் தன்மை வரும்.

இந்த மண்ணில் எல்லாமே பதம்தான். புழுதி உழவுக்கு முன் நாலு அங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் திரியாக உருட்டிப் பாருங்கள். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் பருமனாக, 3 மில்லிமீட்டருக்கு, உடையாமல் திரியாக நின்றால் ஈரம் அதிகம். அன்று டிராக்டரை இறக்கினால் கலப்பையின் அடி மண்ணை மெழுகிவிடும். அந்த மெழுகல்தான் பிறகு வேர் இறங்காத தட்டாக நிற்கும். திரி உருளும்போதே உதிர்ந்தால் உழலாம். அந்தப் பதம் நாலைந்து நாள்தான் நிற்கும். தவறவிட்டால் பாறாங்கல் மாதிரி கட்டி பெயரும்.

தரிசாகக் கிடக்கும் நிலத்தை அறுவடை முடிந்ததும் இரண்டு மூன்று அங்குலம் மட்டும் மேலாக உழுதுவிடுங்கள். வெடிப்பின் வாயைப் புழுதி மூடிக்கொள்ளும், அடி ஈரம் ஓடாது. இல்லையென்றால் மேட்டூர் தண்ணீர் வரும்போது முதல் பாய்ச்சல் முழுக்க வெடிப்பு வழியே கீழே போய்விடும், வயல் நனைய இரண்டு மடங்கு நேரம் ஆகும்.

துத்தநாகத்தையும் பாருங்கள். நெல் நட்ட இரண்டு, மூன்று வாரத்தில் இளம் இலையின் நடுநரம்பு அடியில் வெளிறி, கீழ் இலைகளில் துருப் புள்ளி வந்தால் துத்தநாகக் குறை. ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து, பரம்படித்த பிறகு நடவுக்கு முன் தூவ வேண்டும். சூப்பர் பாஸ்பேட், டிஏபி போன்ற மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரம் எதனோடும் சேர்த்துக் கலக்கக் கூடாது. மணிச்சத்து துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தைப்பட்டம்:
உளுந்து தாராளமாக வரும். நெல் தரிசு உளுந்துக்கு இதைவிட நல்ல மண் கிடையாது, ஏனென்றால் தண்ணீரே பாய்ச்சாமல் களி பிடித்து வைத்த ஈரத்திலும் பனியிலும் விளைய வேண்டிய பயிர் அது. ஆடுதுறை 3 ரகம் எடுத்துக்கொள்ளுங்கள், 70 முதல் 75 நாள். ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை.

கை அறுப்பு என்றால் அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்னும், மெஷின் அறுப்பு என்றால் நாலைந்து நாள் முன்னும் நிற்கும் நெல்லுக்குள் விதைக்க வேண்டும். முளை நீண்ட பிறகு மெஷின் ஏறினால் நசுங்கிப் போகும். ஈரமான வயலில் டயர் வண்டி வேண்டாம், செயின் வண்டி கேளுங்கள். டயர் தடத்தில் மண் இறுகி ஒரு செடி வராது.

மண் மெழுகுப் பதத்தில் இருக்க வேண்டும். வயலுக்குள் நடந்தால் குதிகால் தடம் தெளிவாகப் பதியணும், தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. ஊறினால் விதை அழுகும். தடமே பதியாவிட்டால் விதை மேலேயே கிடந்து எறும்புக்கும் புறாவுக்கும் போகும். ஒரே வயலில் பள்ளத்தில் அழுகலும் மேட்டில் முளைக்காமலும் போனால் தப்பு விதையில் இல்லை. சம்பாவுக்கு மட்டம் பிடிக்கும்போதே சரிசெய்திருக்க வேண்டிய வேலை அது.

தை பிறந்ததிலிருந்து பிப்ரவரி நடு வரைதான் காலம். பிந்தினால், காய் பால் பிடிக்கும் நேரத்தில் வெடிப்பு வந்து வேரை அறுக்கும். செடி பச்சையாக இருக்கும், காய் பதராகப் போகும்.

அடியுரம் போட வழியில்லாததால் இலைவழிதான் உணவு. 4 கிலோ டிஏபியை முதல் நாள் மாலை 20 லிட்டர் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் தெளிவை மட்டும் வடித்து 200 லிட்டராக்கி, ஒரு ஏக்கருக்கு மாலையில் தெளியுங்கள். பூக்கும்போது ஒரு தடவை, 15 நாள் கழித்து ஒரு தடவை. வண்டலையும் சேர்த்து ஊற்றினால் நாசில் அடைக்கும்.

மேட்டுத் தென்னை:
குழி வேண்டாம். களியில் 3 அடிக் குழி தோண்டி உள்ளே மணலும் செம்மண்ணும் நிரப்பினால் அது மண் தொட்டி. சுற்றிலும் தண்ணீர் இறங்காத சுவர், உள்ளே ஊறி நிற்கும் மணல். ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க அதில் தேங்கும். கன்று முதல் வருடம் நன்றாகத்தான் நிற்கும், வேர் குழியின் ஓரத்தைத் தொட்ட பிறகுதான் மஞ்சளடித்து ஒடுங்க ஆரம்பிக்கும்.

அதற்குப் பதில் 8 அடி அகலம், 3 அடி உயரத்துக்கு மேட்டு வரப்பு எடுங்கள். பக்கத்தில் மண் எடுத்த பள்ளமே வடிகாலாகட்டும், அது பொதுவடிகாலில் போய்ச் சேரணும். புதிதாக எடுத்த வரப்பு ஒரு மழைக்காலம் இறுகி அமரட்டும், அடுத்த வருடம் 25 அடிக்கு ஒன்றாக மேட்டின் மேல் நடுங்கள். நட்ட இடத்தைச் சுற்றித் தேங்காய் மட்டையைக் குழிந்த நார்ப்பக்கம் கீழாகப் பரப்பினால் கோடையில் மேடு வெடிக்காது. இதற்கு மனமில்லை என்றால் தென்னையை விட்டுவிடுங்கள். தாழ்விலேயே வைப்பதைவிட வைக்காமலிருப்பது லாபம்.

வடகரை வயல்:
மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். போர் தண்ணீர் பாய்ச்சும் இரண்டு மாவில் மட்டும் தண்ணீர் தெளியவே மாட்டேன் என்கிறது, நாலு நாள் ஆனாலும் பால் டீ மாதிரி நிற்கிறது. அடுத்தது, மோட்டார் கொட்டகைச் சுவர் மூலையில் சாய்வாக விரிசல் விட்டிருக்கிறது.

படுகை மண்:
கலங்கல் என்றால் சோடியத்தைச் சந்தேகப்படணும். அந்த மாவிலிருந்து காய்ந்த கட்டி, கடலைப் பருப்பளவு, ஒரு தட்டில் மழைத்தண்ணீர் ஊற்றி அதில் போட்டு அசைக்காமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். வெறுமனே உதிர்ந்து குவிந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் புகை மாதிரி கலங்கல் படர்ந்தால் களி பிரிகிறது. நல்ல வயலின் கட்டி ஒன்றையும் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பிறகு மண்ணையும் போர் தண்ணீரையும் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். தண்ணீர் அறிக்கையில் எஞ்சிய சோடியம் கார்பனேட் 2.5-க்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீரைத் தனியாகப் பாய்ச்சாதீர்கள், ஆற்றுத் தண்ணீரோடு மாற்றி மாற்றி விடுங்கள். சோடியத்தைப் பிரித்தெடுக்கப் போடும் ஜிப்சத்தின் அளவு மண் அறிக்கைப்படிதான், குத்துமதிப்பு வேண்டாம். ஜிப்சம் தூவி உழுது, ஆற்றுத் தண்ணீரை நாலு அங்குலம் கட்டி, ஒரு நாள் நிறுத்தி, வடித்துவிடணும். வடிக்காமல் விட்டால் பிரிந்து வந்த சோடியம் அங்கேயே கிடக்கும், ஜிப்சம் வீண்.

அஸ்திவாரம்:
கொட்டகைக்கு முதலில் மண் எவ்வளவு உப்புகிறது என்று பாருங்கள். காய்ந்த மண்ணைப் பொடித்து மாவுச் சல்லடையில் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு 100 மில்லி அளவுக் குழாயில் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். கலக்கிக் காற்றுக் குமிழை வெளியேற்றி 24 மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது, அதுதான் ஒப்பீடு. அதில் 10 மில்லியும் தண்ணீரில் 17 மில்லியும் நின்றால் உப்பல் 70 சதவீதம். 50-க்கு மேல் போனாலே கட்டடத்துக்கு மோசமான மண்.

இப்போதைக்குச் சுவரைச் சுற்றி 4 அடி அகலத்துக்கு வெளிச்சரிவாகக் காங்கிரீட் தளம் போடுங்கள், டெலிவரி பைப் கசிவை நிறுத்துங்கள். ஒரு மூலை நனைந்து மறு மூலை காய்வதுதான் சுவரைத் திருகுகிறது. புதிதாகக் கட்டினால், அடியில் குமிழ் போல அகன்ற காங்கிரீட் தூண் (பைல்), சுமார் 3.5 மீட்டர் ஆழத்துக்கு. அதன் மேல் பீம் போட்டு, பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே 8 சென்டிமீட்டர் வெற்றிடம் விடுங்கள், மண் உப்பினாலும் பீமை இடிக்காது.

இப்போதுள்ள விரிசலைச் சித்திரையில் சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள். ஐப்பசியில் மண் உப்பி விரிசல் மூட வரும்போது, அந்தச் சிமெண்ட் ஆப்பு மாதிரி நின்று சுவரை இன்னும் நெம்பிவிடும். தளம் போட்டு ஒரு மழையும் ஒரு கோடையும் போகட்டும். விரிசலின் இரு பக்கமும் பென்சிலில் கோடு போட்டு மாதா மாதம் அளந்து, அசைவு நின்ற பிறகு அடையுங்கள்.