தில்லமூக் காட்டுக்கு முழங்கால் வலியுள்ள அப்பாவுடன் செல்லலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஹில்ஸ்பரோ நகரில் வசிக்கிறோம். ஆரிகன் கடலோர மலைத்தொடரில் உள்ள தில்லமூக் காட்டுக்கு ஜூன் மாதம் ஒரு நாள் போய்வர எண்ணியிருக்கிறோம். மதுரையிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. பத்து வயது மகளோ மலையுச்சிக்குப் போயே தீர வேண்டும் என்கிறாள். பலரும் சொல்லும் கிங்ஸ் மலை எங்களுக்கு ஒத்துவருமா?

மறுமொழி 1:
அப்பாவை அழைத்துக்கொண்டு கிங்ஸ் மலைக்குப் போக வேண்டாம். உயரம் 3,226 அடிதானே என்று தோன்றும். ஆனால் ஏறத்தாழ இரண்டரை மைல் தொலைவுக்குள் 2,500 அடி ஏற வேண்டும், இறங்கும்போது அத்தனை பாரமும் முழங்காலில்தான் விழும். ஊன்றுகோல் இல்லாமல் போன நான் ஈரமான வேர் ஒன்றில் வழுக்கி, மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டேன். மகளை நீங்கள் தனியாக வேறொரு நாள் அழைத்துச் செல்லுங்கள்.

மறுமொழி 2:
6ஆம் எண் நெடுஞ்சாலையிலேயே இருக்கும் தில்லமூக் வன மையத்துக்குப் போங்கள். அங்கே வில்சன் ஆற்றின் மேல் தொங்குபாலம் இருக்கிறது. அதைக் கடந்தால் ஆற்றோரத் தடம். முடிந்த மட்டும் நடந்துவிட்டு, வந்த வழியே திரும்பலாம். மையம் திறந்திருக்கும் நாட்களை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் இந்தக் காட்டின் கதையையும் சொல்லுங்கள். 1933, 1939, 1945, 1951 என்று ஆறாண்டுக்கு ஒருமுறை தீப்பற்றி, மொத்தம் சுமார் 3,55,000 ஏக்கர் எரிந்துபோன நிலம் இது. 1949 முதல் 1973 வரை பள்ளிப் பிள்ளைகளும் சிறைக்கைதிகளும்கூடக் கன்று நட்டார்கள். ஏறத்தாழ 7 கோடியே 20 லட்சம் கன்றுகள்! எங்கு பார்த்தாலும் டக்ளஸ் ஃபிர் மரங்கள் ஏறக்குறைய ஒரே பருமனில் நிற்பதற்கு அதுவே காரணம். தடத்தோரம் பழைய அடிக்கட்டைகளைத் தேடிப் பாருங்கள். பாசியை மெல்ல விலக்கினால் உள்ளே இன்னும் கரி, விரலில் ஒட்டும். அதே கட்டையின் தலையில் ஹெம்லாக் என்னும் ஊசியிலை மரத்தின் இளங்கன்று வேரூன்றி நிற்கும். எனக்கு இந்தக் காட்டிலேயே மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

மறுமொழி 3:
மலைக்குள் போனால் பெரும்பாலும் கைபேசிக்கு அலைவரிசை கிடைக்காது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஹில்ஸ்பரோவில் வெயில் அடித்தாலும் மழைச்சட்டை அவசியம், ஏனெனில் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைகளில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, இங்கேயே மழையாக இறங்கிவிடுகிறது. பிரவுன்ஸ் கேம்ப் பக்கம் மலைப்பாதை மோட்டார் வண்டிகள் ஓடும். அமைதியை விரும்பினால் அங்கே வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அப்பாவுடன் ஆற்றோரத் தடத்துக்கே போகிறோம். கரிக்கட்டையைத் தானே கண்டுபிடிக்கப்போவதாக மகள் சொல்லியிருக்கிறாள். கிங்ஸ் மலைக்கு ஆகஸ்டில் நாங்கள் இருவர் மட்டும், இரண்டு ஊன்றுகோல்களுடன்.