வாட்டர் கூல்டு டர்போவுக்கு மாறலாமா? பழையதில் பேரிங் போய்விட்டது

கேட்டவர்:
வணக்கம். என் பெட்ரோல் காரில் இருப்பது ஆயிலால் மட்டுமே குளிரும் டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்). இரண்டு மாதமாக நீலப் புகை. கழற்றிப் பார்த்தால் ஷாஃப்ட் மேலும் கீழும் ஆடுகிறது, கம்ப்ரெசர் வீல் ஹவுசிங்கில் உரசிய கோடு தெரிகிறது. நடு ஹவுசிங்குக்குள் தார் காய்ந்த மாதிரி கரி. அதே ரகத்தைப் போடுவதா, தண்ணீர் லைன் உள்ளதைப் போடுவதா என்று குழப்பம். தண்ணீர் லைன் என்றால் ஹீட்டர் ஹோஸில் T வடிவ இணைப்பு வைத்து இரண்டு லைன் புதிதாக இழுக்க வேண்டும். பவர் கொஞ்சமாவது கூடுமா? தினமும் ஹைவேயில் ஒரு மணி நேரம் ஓட்டுகிறேன். வீடு வந்ததும் உடனே ஆஃப் செய்துவிடுவேன்.

பதில் 1:
பவர் கூடாது. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர வைப்பது இன்டர்கூலர். டர்போவில் ஓடும் தண்ணீர் பேரிங் இருக்கும் நடு ஹவுசிங்கை மட்டும்தான் காக்கிறது. பவருக்காக யோசிக்கிறீர்கள் என்றால் விட்டுவிடுங்கள்.

பதில் 2:
உங்கள் கேள்விக்கான விடை கடைசி வரியில் இருக்கிறது: “உடனே ஆஃப் செய்துவிடுவேன்.”

பெட்ரோல் இன்ஜினில் நல்ல லோடில் டர்பைனுக்கு (டர்போவில் புகை சுழற்றும் சக்கரம்) வரும் புகை 900 டிகிரி செல்சியஸைத் தொடும். ராத்திரியில் மலை ஏறிவிட்டு பானெட்டைத் திறந்தால் டர்பைன் ஹவுசிங் செக்கச் செவேல் என்று இருப்பதைப் பார்க்கலாம். ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றினாலும், வண்டி ஓடும்வரை கவலை இல்லை. ஆயில் வந்துகொண்டே இருக்கும், சூட்டை எடுத்துப் போய்விடும். இன்ஜினை நிறுத்தியதும் ஆயில் பம்ப்பும் நின்றுவிடுகிறது. ஆனால் அந்த இரும்பில் தேங்கிய சூடு எங்கே போகும்? ஷாஃப்ட் வழியாகப் பேரிங்குக்குத்தான் வரும். அங்கே மிச்சம் இருக்கும் ஆயில் வெந்து கரியாகிறது. நீங்கள் பார்த்த கரி பெரும்பாலும் அப்படி வந்ததுதான்.

தண்ணீர் லைன் உதவுவது இந்தச் சில நிமிடங்களில்தான். வாட்டர் பம்ப் நின்ற பிறகும், சூடான கூலன்ட் (அந்த லைனில் ஓடும் தண்ணீர்) தானாக மேலே ஏறும், ஆறினது கீழிருந்து வந்து சேரும். உங்கள் ஓட்டத்துக்கு நிச்சயம் போடலாம் என்பேன்.

ஆனால் ஒன்று. புது டர்போ வாங்கும் முன் ஆயில் வரும் பைப்பைக் கழற்றிப் பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். பைப்பை டர்போவில் பிடிக்கும் பான்ஜோ போல்ட்டில் ஆயில் ஓடும் துளை ஊசி நுழையும் அளவுக்குத்தான் திறந்திருக்கிறது, சுற்றிலும் கரி. ஓசி வாங்கிய டார்ச்சை அடித்துப் பார்த்தும் மறுபக்கம் வெளிச்சம் தெரியவில்லை.

பதில் 2:
நல்ல வேளை, பார்த்தீர்கள். அதை அப்படியே விட்டிருந்தால் எந்த டர்போ போட்டாலும் போயிருக்கும். ஆயில் வராத பேரிங்கைத் தண்ணீரால் காப்பாற்ற முடியாது. கழுவிப் போடாதீர்கள், பைப்பும் போல்ட்டும் புதிதாகவே போடுங்கள். ஆயில் திரும்பும் பைப் அகலமாக, மடிப்பில்லாமல், நேர் கீழாக சம்ப்புக்கு (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறங்க வேண்டும். அது அடைத்தால் புது டர்போவும் சீல் வழியாக ஆயிலைக் கக்கும்.

பதில் 3:
மாற்றுக் கருத்து ஒன்று. டீசலில் புகையின் சூடு குறைவு, அதனால் ஆயில் மட்டும் உள்ள டர்போவே பல டீசல் வண்டிகளில் நெடுநாள் உழைக்கிறது. பெட்ரோலிலும் கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு நிறுத்துபவருக்கு வேறுபாடு பெரிதாகத் தெரியாது. இரண்டு ஹோஸ் கூடினால் கசிவதற்கு நாலு இடம் கூடும், அதையும் கணக்கில் வையுங்கள். நல்ல சிந்தெடிக் ஆயில், நேரத்துக்கு மாற்றுவது, இவை இரண்டு ரகத்துக்கும் வேண்டும்.

கேட்டவர்:
பொறுமையாக ஓட்டலாம்தான், ஆனால் வீட்டில் மற்றவர்களும் இந்த வண்டியை எடுக்கிறார்கள். எல்லாரிடமும் ஐட்லிங் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. தண்ணீர் லைன் உள்ளதையே போடுகிறேன். ஹோஸ் இழுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 2:
கூலன்ட் கீழ் துளையில் நுழைந்து, எதிர்ப்பக்கத்து மேல் துளையில் வெளியேற வேண்டும். வெளியேறும் ஹோஸ் வழி முழுக்க ஏறிக்கொண்டே போகட்டும். நடுவில் தொங்கி ஏறினால் அங்கே காற்று தங்கி ஓட்டம் நின்றுவிடும். டர்பைன் பக்கத்தில் ரப்பர் ஹோஸ் வேண்டாம், அந்த இடத்துக்கு மெட்டல் பைப் போடுங்கள். மாட்டியதும் காற்றை முழுதாக வெளியேற்றி, இன்ஜின் ஆறின பிறகு கூலன்ட் அளவை மறுபடி பாருங்கள்.

கேட்டவர்:
சரி அண்ணா. ஆயில் பைப், போல்ட் இரண்டுக்கும் சொல்லிவிட்டேன். அவை கைக்கு வந்த பிறகுதான் டர்போவை மாட்டுவேன்.