கொரோலா 110: கூலன்ட் குறையுது, ஹெட்டைக் கழற்றத்தான் வேணுமா?

கல்லடிப் பாலம்:
வணக்கம். என்னிடம் இருப்பது பழைய பெற்றோல் கொரோலா 110. சில மாதமாக ரிசேவ் டாங்கில், எஞ்சினை ஆற்றுகிற கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது. தரையில் ஒரு சொட்டும் இல்லை. ஆனால் ஓடி வந்து நிறுத்திப் பொனட்டைத் திறந்தால் இனிப்பான ஒரு மணம் அடிக்கிறது. தர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்டைத் திறந்துவிடுகிற வால்வு) ஹவுசிங் பொருந்தும் விளிம்பைச் சுற்றி வெளிறிய இளஞ்சிவப்பில் பொருக்குப் படிந்திருக்கிறது. டவுனுக்குள் ஹீட் முள் நடுவிலேயே நிற்கும். போன கிழமை கண்டிக்குப் போகிற மலைப்பாதையில் மகியங்கனை 18 வளைவு ஏறும்போது மேலே போனது, ஓரமாக நிறுத்தி ஆறவிட்டுத்தான் போனேன். இங்கே ஒரு கராஜில் எட்டிப் பார்த்த உடனேயே “ஹெட் கெஸ்கட் போயிட்டு, ஹெட்டைக் கழற்ற வேணும்” என்றார்கள். அடுத்த மாதம் அம்மாவைக் கண்டிக்குக் கூட்டிப் போக வேண்டும். என்ன செய்யலாம்?

அக்கரைப்பற்று பாஸ்:
தம்பி, அவசரப்பட்டு ஹெட்டைக் கழற்ற விடாதீங்க. ஹெட் கெஸ்கட் என்பது ஹெட்டுக்கும் எஞ்சின் புளொக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடு, அது போனால் வேறு அடையாளங்கள் இருக்கும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. தண்ணீரில் குமிழி விடாமல் வருகுதா? ஒயில் மூடியின் உட்பக்கமும் டிப்ஸ்டிக்கும் பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்குதா? சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகுதா? இவை ஒன்றும் இல்லையென்றால் வெளி லீக்கைத்தான் முதலில் தேட வேணும்.

சொட்டு விழாததற்குக் காரணம் இருக்கு. சூட்டில்தான் உள்ளே அழுத்தம் ஏறும், அப்போதுதான் கசியும். கசிந்தது சூடான எஞ்சினில் பட்டு உடனே ஆவியாகிவிடும். மிஞ்சுவது நீங்கள் சொன்ன பொருக்கும் மணமும்தான். ரேடியேட்டர் வாயில் பிரஷர் பம்ப் பூட்டிச் சோதிக்கக் கூடிய இடத்துக்குப் போங்க. மூடியில் 0.9 என்று இருந்தால் அந்த அளவுக்குத்தான் அடிக்க வேணும், கூடினால் பழைய ஹோஸ் வெடிக்கும். கால் மணி நேரம் விட்டுவிட்டு டோர்ச் அடித்துப் பாருங்க. வோட்டர் பம்பின் அடியிலுள்ள சின்ன ஓட்டையையும் மறக்க வேணாம். அதில் ஈரம் இருந்தால் பம்பின் உள் சீல் போயிட்டு, ஹவுசிங் கெஸ்கட் மாற்றிப் பிரயோசனம் இல்லை.

ஏறாவூர் ரைடர்:
லீக் அடைக்கிற மருந்து ஒரு போத்தல் ஊற்றினால் சரிவராதா? மலிவு.

அக்கரைப்பற்று பாஸ்:
வேணாம். லீக்கை அடைக்கிற அதே சாமான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். ஏற்கெனவே மலையில் ஹீட் ஏறுகிற வாகனம் இது.

கல்லடிப் பாலம்:
காக்கா, சோதிச்சாச்சு. குமிழி இல்லை, ஒயில் சுத்தம், பம்ப் ஓட்டையும் காய்ந்திருக்கு. அழுத்தம் ஏற்றிக் கொஞ்ச நேரத்தில் பிரஷர் பம்பின் முள் இறங்கியது, தர்மோஸ்டாட் ஹவுசிங்கின் அடியில் நீர் கோடாக இறங்கியது. நானே மாற்றலாமா?

அக்கரைப்பற்று பாஸ்:
மாற்றலாம். நல்லா ஆறவிட்டு, ரேடியேட்டரின் அடி டிரெயினைத் திறந்து கூலன்டைச் சட்டியில் பிடியுங்க. அது நஞ்சு. இனிப்பென்று நாய், பூனை நக்கும், கானில் ஊற்ற வேணாம். ஹவுசிங்கைக் கழற்றினால் தர்மோஸ்டாட் விளிம்பில் றப்பர் வளையம் இருக்கும். அதுதான் உங்கட கெஸ்கட். பழைய தர்மோஸ்டாட்டையும் சேர்த்தே மாற்றுங்க.

மினக்கெட வேண்டியது இரண்டு முகத்தையும் சுத்தம் செய்வதில்தான். அலுமினியம் என்றபடியால் இரும்புத் தகட்டால் சுரண்டினால் கீறல் விழும், அந்தக் கீறலாலேயே திரும்பக் கசியும். பிளாஸ்டிக் துண்டால் மெல்லச் சுரண்டித் துணியால் துடையுங்க. றப்பர் வளையத்துக்கு மேல் சிலிக்கன் பூச வேணாம். வளையம் வழுக்கி விலகும், பிதுங்கிய துண்டு உள்ளே போய் அடைக்கும். தர்மோஸ்டாட்டில் ஆடுகிற சின்ன ஊசி மேல்பக்கம் வரவேணும், காற்று அதால்தான் வெளியேறும். நட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்க, சின்ன நட்டு, பலம் காட்ட வேணாம்.

களுவாஞ்சிக்குடி:
ஒன்று சேர்க்கிறேன். நம்ம கரையோரக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றாதீங்க. உப்பும் சுண்ணாம்பும் அலுமினிய முகத்தை அரித்துக் குழி விழுத்தும், பிறகு எந்தக் கெஸ்கட்டும் நிற்காது. காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி, அல்லது கலந்தே வருகிற போத்தல்.

கல்லடிப் பாலம்:
மாற்றியாச்சு. பழைய வளையம் தட்டையாகி, வளைத்ததும் அப்பளம் போல முறிந்தது. முகத்தில் குழி இல்லை. மூடியைத் திறந்துவைத்து, ஃபேன் சுற்றும்வரை ஓடவிட்டுக் காற்றெடுத்தேன். பொருக்கு திரும்ப வரவில்லை, டாங்க் அளவும் அசையவில்லை. இனி 18 வளைவு ஏறலாமா காக்கா?

அக்கரைப்பற்று பாஸ்:
முதலில் செங்கலடியிலிருந்து மகா ஓயா வரை போய்த் திரும்புங்க. அடுத்த நாள் காலை ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் வாய் வரை நிறைந்திருக்குதா, டாங்க் குறைந்திருக்குதா என்று பாருங்க. மூடியின் றப்பர் வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்க. மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் கூலன்ட் முந்தியே கொதிக்கும். ஏறும்போது முள் நடுவைத் தாண்டினால் ஏசியை நிறுத்தி ஓரம் கட்டுங்க, சூட்டோடு மூடியைத் திறக்க வேணாம். அப்படி ஹீட் ஏறினால் ரேடியேட்டரை உள்ளே கழுவக் கொடுக்க வேண்டிவரும். அம்மாவை ஏற்றுவதற்கு முதல் அதைச் செய்யுங்க தம்பி.