புதுப்பிப்பு: கும்பகோணம் எக்ஸ்டி போர்டு ஓட ஆரம்பித்துவிட்டது

என் எக்ஸ்டியில் (ஐபிஎம் பிசி எக்ஸ்டி வகைப் பழைய கம்ப்யூட்டர்) சுவிட்ச் போட்டால் ஃபேன் ஒருதரம் துடித்து நிற்கிறது, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) நன்றாகவே இருக்கிறது. போர்டில் உள்ள டான்டலம் கெபாசிட்டரைப் (மின்சாரத்தைத் தேக்கும் சிறு பாகம்) பார்க்கச் சொன்னவர் சொன்னதுதான் சரி.

கரண்டை எடுத்துவிட்டு கார்டு செருகும் ஸ்லாட்டில் பி9 பின்னுக்கும் (12 வோல்ட்) பி10 பின்னுக்கும் (கிரவுண்ட்) இடையே மீட்டர் வைத்தால் முழு ஷார்ட் (இரண்டும் நேராக ஒட்டியதுபோல). அந்த லைனில் உள்ள 16 வோல்ட் டான்டலங்களை ஒவ்வொன்றாக ஒரு காலை மட்டும் தூக்கிப் பார்த்ததில், பவர் கனெக்டரை ஒட்டியது செத்திருந்தது. பதிலுக்கு கெல்ட்ரான் கம்பெனி எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர், 10 மைக்ரோஃபாரட் 25 வோல்ட், போட்டேன். கவனம்: டான்டலத்தில் கோடு பிளஸ், இதில் கோடு மைனஸ். மாறினால் வெடிக்கும்.

எதிர்பாராதது: உயிர் வந்ததும் பாரிட்டி எரர் (மெமரியில் தவறு என்று காட்டும் செய்தி). 4164 மெமரி சிப்களின் கால்கள் ஈரக்காற்றில் கறுத்திருந்தன (ஐப்பசி மழைக்கு நம்ம ஊரில் எதுதான் தப்பும்). ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, சாக்கெட்டில் திரும்ப அழுத்தியதும் எரர் போய்விட்டது.