கன்சோலுக்கு வினைல் ராப்: முதல் தடவை உரிந்தது, இரண்டாம் தடவை நின்றது

என் காரின் நடு கன்சோல், அதாவது முன் இருக்கைகளுக்கு நடுவே கியர் இருக்கும் பகுதி, முழுவதும் பளபளப்பான கறுப்பு பிளாஸ்டிக். பியானோ பிளாக் என்பார்கள். புதிதில் கண்ணைப் பறித்தது. மூன்று வருடம் ஆனதும் சாவிக்கொத்து, மோதிரம், தூசியோடு சேர்த்துத் தேய்த்த துணி எல்லாமாகச் சேர்ந்து கியரைச் சுற்றிச் சிலந்திவலை பின்னியதுபோல் கீறல்கள். வெயில் சாய்வாக உள்ளே விழும்போது வேறெதுவும் கண்ணில் படாது. வினைல் ராப் எனும், பின்பக்கம் பசை உள்ள மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டை மேலே ஒட்டிவிடலாம் என்று நானே இறங்கினேன். இரண்டு தடவை ஒட்டினேன். முதலில் ஒட்டியது ஏன் உரிந்தது என்று புரிந்துகொள்ளத்தான் அதிக நாள் ஆனது. அதனால் அதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதல் தடவை கன்சோலைக் கழற்றவே இல்லை. கார்பன் ஃபைபர் டிசைன் போட்ட கெட்டியான ஷீட் ஒன்றை வாங்கி, பேனலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்து ஒட்டினேன். வளைவுகளில் ஹேர் டிரையரால் சூடு காட்டி, நன்றாக இழுத்துப் பிடித்து அழுத்தினேன். ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக்குக்கும் நடுவே பிளேடை விட்டு அறுத்தேன். அன்று மாலை பார்க்க அவ்வளவு அழகு. வீட்டில் எல்லோரையும் கூட்டிவந்து காட்டினேன்.

இருபது நாள்கூட ஆகவில்லை. கியர் லிவருக்கு முன்னால் குழிந்து இறங்கும் இடத்தில் ஷீட் எழும்பிக் கூடாரம் மாதிரி நின்றது. விரலால் அழுத்தினால் ஒட்டும். வெயிலில் நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் மறுபடி எழும்பியிருக்கும். ஓரங்களில் ஒரு மில்லிமீட்டர் உள்வாங்கி, அடியில் இருந்த பளபளப்பு கோடு போட்டதுபோல் தெரிந்தது.

பசை சரியில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். விஷயம் ஷீட்டைத் தயாரிக்கும் முறையிலேயே இருக்கிறது. வினைலில் இரண்டு வகை. காலண்டர்டு என்பது இளகிய பி.வி.சி.யைச் சூடான உருளைகளுக்கு நடுவே கொடுத்து நசுக்கி நசுக்கி மெல்லிசாக்குவது. அப்போது பட்ட இழுவை ஷீட்டுக்குள்ளேயே தங்கிவிடும். சூடு பட்டால் பழைய அளவுக்குச் சுருங்கப் பார்க்கும். காஸ்ட் என்பது திரவ நிலையில் உள்ள பி.வி.சி.யை ஒரு தாள்மேல் பரப்பி, சூட்டில் காயவைத்து எடுப்பது. அதை யாரும் இழுக்கவில்லை. சுருங்கவும் அதற்குக் காரணம் இல்லை. கனமும் குறைவு. காஸ்ட் ஃபிலிம் 50 மைக்ரான் பக்கம் இருக்கும், காலண்டர்டு பெரும்பாலும் 75 முதல் 100 வரை. தட்டையான கதவுப் பட்டைக்குக் காலண்டர்டு போதும். குழியும் மேடுமாக இருக்கும் கன்சோலுக்கு அது ஆகவே ஆகாது என்பது என் தீர்மானமான கருத்து.

காஸ்ட் வாங்கிவிட்டால் மட்டும் போதாது. அதையும் நாம் இழுத்து ஒட்டினால் நம் கை கொடுத்த இழுவை உள்ளே தங்கும். கோடையில் மூடிய வண்டிக்குள் நேர்வெயில் படும் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸை எட்டிவிடும். ஒட்டிய அன்று தெரியாத தப்பெல்லாம் அந்தச் சூட்டில்தான் வெளியே வரும். ராப் நன்றாக வந்திருக்கிறதா என்பதை முதல் வெயில் வாரம் முடியாமல் சொல்ல முடியாது.

இரண்டாம் தடவை பேனலைக் கழற்றினேன். வேலையில் பாதிக்கு மேல் இதுதான். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரை எடுத்துவிட்டு, சில நிமிடம் சும்மா இருந்தேன். ஏர்பேக் சுற்றில் மின்சாரம் கொஞ்ச நேரம் தேங்கி நிற்கும் என்பதால் இந்தக் காத்திருப்பு அவசியம். எவ்வளவு நேரம் என்று உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். மஞ்சள் நிற கனெக்டர் கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள், அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பிறகு கப் ஹோல்டருக்குள் கிடந்த ரப்பர் விரிப்பை எடுத்தால் அடியில் இரண்டு ஸ்க்ரூ ஒளிந்திருந்தது. அது தெரியாமல் பேனலை நெம்பியிருந்தால் உடைந்திருக்கும். எங்காவது பேனல் பிடிவாதம் பிடித்தால் அங்கே ஒரு ஸ்க்ரூ இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நெம்புவதற்கு பிளாஸ்டிக் நெம்பிதான். ஸ்க்ரூடிரைவர் வைத்தால் பக்கத்துப் பாகத்தில் தழும்பு விழும். ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றுமுன் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

அடுத்து சுத்தம். மூன்று வருடமாக டேஷ்போர்டு பாலிஷ் போட்டு வந்தவன் நான். அந்தப் பாலிஷ்களில் பலவற்றில் சிலிக்கோன் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலத்தின்மேல் எந்தப் பசையும் நிற்காது. முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவி, காயவைத்து, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இரண்டு தடவை துடைத்தேன். ஒரு துணியில் தடவி, காயுமுன் இன்னொரு துணியால் துடைத்தெடுக்க வேண்டும். காயவிட்டால் அழுக்கு கரைந்து திரும்ப அங்கேயே படியும். பேனலின் பின்பக்க விளிம்பையும் விடவில்லை, ஃபிலிம் மடங்கி ஒட்டப்போவது அங்கேதான். கடைசியில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பை ஓரத்தில் ஒட்டி இழுத்துப் பார்த்தேன். அது அழுத்தமாகப் பிடித்ததும்தான் மனம் சமாதானமானது.

நான் வாங்கிய ஃபிலிம், ஏவரி டென்னிசன் நிறுவனத்தின் எஸ்.டபிள்யூ.900 வரிசையில் அடர் சாம்பல் சாட்டின், அதாவது அதிகம் பளபளக்காதது. த்ரீஎம் 2080-யும் இதே மாதிரி காஸ்ட்தான். இரண்டிலும் பசைப் பக்கத்தில் காற்று வெளியேற நுண்ணிய கால்வாய்கள் இருக்கும். அதனால் இவற்றைத் தண்ணீர் தெளிக்காமல் உலர்வாகத்தான் ஒட்ட வேண்டும். பளபளப்பான நிறத்தை வேண்டுமென்றே தவிர்த்தேன். கன்சோலில் விழும் வெயில் கண்ணில் அடிப்பது எனக்கு ஆகவில்லை.

ஒட்டும் விதத்துக்கு வருகிறேன். ஃபிலிமைப் பேனல்மேல் விரித்து, தட்டையான பெரிய பகுதியில் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஃபெல்ட் துணி வைத்த ஸ்குவீஜி என்ற தட்டையான பட்டையால் தேய்த்தேன். கியர் வரும் திறப்பை முன்கூட்டியே வெட்டவில்லை. வெட்டிவிட்டால் ஃபிலிம் தளர்ந்து எங்கு வேண்டுமானாலும் நகரும். சுற்றுப்புறம் ஒட்டி முடிந்த பிறகு, திறப்பின் நடுவில் துளையிட்டு, விளிம்பில் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டினேன். வளைந்த மூலைகளில் சிறுசிறு வெட்டுகள் கொடுத்தால்தான் மடங்கும். ஆனால் அந்த வெட்டு விளிம்புவரை வரக்கூடாது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளியே நிறுத்துங்கள். இல்லையென்றால் மடக்கும்போது கிழிசல் மேல்பக்கம் ஏறிவிடும்.

குழியில்தான் முதல் தடவை தோற்றேன். இந்தத் தடவை, குழிக்கு மேலே ஃபிலிமைத் தளர்வாக விட்டு, ஹீட் கன்னைத் தூரத்தில் பிடித்து இளக்கி, விரலால் குழியின் அடியை முதலில் தொடவைத்து, அங்கிருந்து பக்கவாட்டில் ஏறி வந்தேன். தேவையான நீட்சி ஒரு மூலையில் குவியாமல் குழி முழுக்கப் பரவியது. எங்காவது சுருக்கம் விழுந்தால் தேய்த்துத் தள்ளாதீர்கள். தூக்கி, லேசாகச் சூடு காட்டினால் ஃபிலிம் தானாகவே பழைய வடிவுக்குத் திரும்பிச் சுருக்கம் மறையும். பிறகு உரிக்க வைப்பதும் இப்போது காப்பாற்றுவதும் அதே குணம்தான். இதை என் கண்ணால் பார்த்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

கப் ஹோல்டரின் உள்ளே ஒட்டவே இல்லை. அவ்வளவு ஆழத்துக்கு ஒரே துண்டாக இறக்கினால் எந்த ஃபிலிமும் தாங்காது. விளிம்போடு நிறுத்திக்கொண்டேன்.

முடிவில் இழுபட்ட இடங்களையும் ஓரங்களையும் திரும்பச் சூடுபடுத்த வேண்டும். ஃபிலிமுக்கு ஏற்ப 90 முதல் 110 டிகிரி வரை கேட்பார்கள். அந்தச் சூட்டில்தான் உள்ளே தங்கிய இழுவை தளரும். இங்கே ஓர் ஆபத்து உண்டு. கன்சோல்களில் அதிகம் பயன்படும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கும் 100 டிகிரி பக்கத்தில் இளக ஆரம்பிக்கும். அகச்சிவப்பு வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு, ஓரிடத்தில் நிற்காமல் நகர்த்திக்கொண்டே காட்டினேன். ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டு, மறுநாள்தான் வண்டியில் மாட்டினேன். ஒரு முழுக் கோடை தாண்டிவிட்டது. குழி அப்படியே இருக்கிறது. முழங்கை உரசும் மூடியின் ஓரத்தில் மட்டும் நான்கு மில்லிமீட்டர் எழும்பியிருக்கிறது. அங்கே பின்பக்கம் மடித்தது போதவில்லை.

* * *

நண்பர் சுத்தம் பற்றி எழுதியதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். என் வண்டியில் பளபளப்பு இல்லை, தொட்டால் மெத்தென்றிருக்கும் ரப்பர் பூச்சு. ஏழெட்டு வருடத்தில் அது பிசுபிசுக்க ஆரம்பித்தது. விரல் வைத்தால் ரேகை பதியும். மேலே ராப் ஒட்டினால் பிசுக்கு மறைந்துவிடும் என்று நினைத்து ஒட்டினேன். இரண்டு வாரத்தில் உரிந்தது. உரிந்த ஃபிலிமின் பசையில் அந்தப் பூச்சு அப்படியே தோலாக வந்திருந்தது. பசை பூச்சை நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, பூச்சுதான் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டது.

பிறகு பூச்சு முழுவதையும் ஆல்கஹால் ஊறிய துணியால் தேய்த்தெடுத்தேன். இரண்டு விடுமுறை நாள் போனது. கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடியில் வந்த பிளாஸ்டிக் சுத்தமாக, கெட்டியாக இருந்தது. அதன்மேல் ஒட்டியது இன்றுவரை அசையவில்லை.

இன்னொன்று: சொரசொரப்பான தோல் டிசைன் வார்த்த பிளாஸ்டிக்கில் ஒட்டாதீர்கள். பசை மேடுகளின் உச்சியில் மட்டுமே பிடிக்கும். அந்தப் பாகம் பாலிபுரொப்பிலீனாக இருந்தால் இன்னும் மோசம், அதில் இயல்பாகவே பசை நிற்பது கஷ்டம். பேனலின் பின்பக்கம் பார்த்தால் பிபி (பாலிபுரொப்பிலீன்), ஏபிஎஸ் என்று எழுத்து வார்த்திருப்பார்கள். வாங்குமுன் அதைப் பாருங்கள்.

* * *

மேலே எழுதிய இருவரையும்போல நானும் கன்சோலுக்கு ஒட்டியவன். ஒரே ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து படியுங்கள். கன்சோல் நன்றாக வந்த உற்சாகத்தில் அதே நிறத்தை டேஷ்போர்டுக்கும் இழுக்கத் தோன்றும். எனக்குத் தோன்றியது. பயணி பக்கத்து ஏர்பேக் மூடிமேலும், முழங்கால் ஏர்பேக் உள்ள பலகைமேலும் எதையும் ஒட்டக்கூடாது. அந்த மூடி குறிப்பிட்ட கோட்டில் கிழிந்து திறக்கும்படி செய்யப்பட்டது. மேலே ஒரு படலம் இருந்தால் அது எப்படிக் கிழியும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இதில் அழகைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

கன்சோலிலும் பயணி ஏர்பேக் அணைந்திருப்பதைக் காட்டும் சின்ன விளக்கு சில வண்டிகளில் உண்டு. நான் கவனிக்காமல் அதை மூடிவிட்டு, வண்டியில் மாட்டிய பிறகு கண்டுபிடித்தேன். திரும்பக் கழற்றி, அந்த அளவுக்கு வெட்டித் திறந்தேன். ஒளி உணரி, திரைக்குப் பின்னால் உள்ள காற்றுத் துளைகள், கியர் எழுத்துகள் ஒளிரும் ஜன்னல், எல்லாவற்றையும் ஒட்டுமுன் பென்சிலால் தாளில் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள்.

* * *

ஒட்டியதை எடுப்பது பற்றி இன்னொருவனாக நான் சொல்கிறேன். நான்கு வருடம் வைத்திருந்து போன மாதம்தான் என் ராப்பை எடுத்தேன். ஹேர் டிரையரால் வெதுவெதுப்பாக்கி, மேல்நோக்கி இழுக்காமல் பேனலோடு படுத்தாற்போல மெதுவாக இழுத்தால் பசையும் சேர்ந்தே வருகிறது. அவசரப்பட்ட இரண்டு இடத்தில் மட்டும் பசை தங்கியது, ஆல்கஹாலில் போய்விட்டது. கஷ்டம் கொடுத்தது பிரைமர் (பசை இன்னும் இறுகப் பிடிக்க அடியில் பூசும் திரவம்) தடவிய மூலைகள். உரியக்கூடாது என்று அன்றைக்குத் தாராளமாகப் பூசினேன். அங்கே ஃபிலிம் துண்டு துண்டாகத்தான் வந்தது. பின்பக்கம் மடிக்கும் விளிம்பில் மட்டும் மெல்லிசாகத் தடவியிருக்க வேண்டும்.

ஃபிலிமின் அடியில் வேறொன்றும் தெரிந்தது. ஒட்டிய நாளில் பேனல்மேலேயே வைத்து பிளேடால் அறுத்த கோடுகள், பிளாஸ்டிக்கில் ஆழமாக அப்படியே இருக்கின்றன. முதலில் எழுதியவரும் அப்படி அறுத்ததாகச் சொல்கிறார். அதற்கென்று நூல் பொதிந்த டேப் இருக்கிறது. ஃபிலிமுக்கு அடியில் கோடு போகும் வழியில் ஒட்டிவிட்டு, பிறகு நூலை இழுத்தால் ஃபிலிம் மட்டும் அறுபடும். பிளேடு பிளாஸ்டிக்கைத் தொடவே தொடாது.

* * *

முதலில் எழுதியவன்தான். நூல் டேப்பைப் பற்றிச் சொன்னதற்கு மனமார்ந்த நன்றி. என் பேனலின் ஓரத்திலும் முதல் தடவை போட்ட பிளேடு கோடு இருக்கிறது, இப்போது சாம்பல் ஃபிலிமுக்கு அடியில்.

ஹீட் கன் இல்லாமல் ஹேர் டிரையர் போதுமா என்று தனியாகச் சிலர் கேட்டார்கள். ஒட்டும்போது இளக்குவதற்குப் போதும், சொல்லப்போனால் முதல் தடவை செய்பவருக்கு அதுதான் பத்திரம். சாட்டின் ஃபிலிமில் சூடு மிஞ்சினால் அந்த இடம் மட்டும் மினுங்க ஆரம்பிக்கும், அதைத் திருப்ப முடியாது. கடைசிச் சூட்டுக்குத்தான் ஹேர் டிரையர் எட்டாமல் போகலாம், அதற்கு மட்டும் ஹீட் கன்னை இரவல் வாங்குங்கள்.

பிரஷ்டு அலுமினியம் மாதிரி கோடு உள்ள ஃபிலிம் எடுப்பவர்கள் எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்டுங்கள், வெட்டுமுன் பின்பக்கத் தாளில் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். ரோலின் அகலம் வழக்கமாக 152 சென்டிமீட்டர். பேனலின் அளவைவிட எல்லாப் பக்கமும் பத்து சென்டிமீட்டர் கூடுதலாக வைத்து, இன்னொரு தடவை ஒட்டுவதற்கும் சேர்த்தே வாங்குங்கள். என் மூடியின் அந்த நான்கு மில்லிமீட்டரைச் சரிசெய்ய மீதித் துண்டு அலமாரியில் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை மூடியை மட்டும் கழற்றி, பின்பக்கம் ஒரு சென்டிமீட்டர் மடித்து, விளிம்பில் மட்டும் பிரைமர் தொட்டு ஒட்டப்போகிறேன்.