கிளிப்லெஸ் பெடல் தேர்வு: முழங்காலைக் கேட்டு முடிவு செய்யுங்கள்

ஷூவின் அடியில் திருகிய கிளீட் என்ற சிறு துண்டைப் பூட்டிப் பிடிப்பது கிளிப்லெஸ் பெடல். சாலை சைக்கிளுக்கு அதை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் எடையை ஒப்பிட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். என்னுடன் ஓட்டியவர்கள் பலர் பெடல் மாற்றியதையும், மாற்றிய பிறகு அவர்களுடைய கால்கள் என்ன பாடுபட்டன என்பதையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், எடையைக் கடைசியாகப் பாருங்கள். ஷிமானோவின் 105 வரிசைப் பெடலுக்கும் அதே நிறுவனத்தின் உச்ச வரிசையான டியூரா-ஏஸ் பெடலுக்கும் இடையே ஒரு ஜோடிக்கு ஏறத்தாழ 40 கிராம்தான் வேறுபாடு. தண்ணீர்ப் புட்டியிலிருந்து இரண்டு மூன்று மிடறு குடித்தால் அந்த எடை போய்விடும். பாதம் பெடலில் எந்தக் கோணத்தில் நிற்கிறது, நின்ற இடத்தில் குதிகால் எவ்வளவு அசைய முடிகிறது, வேண்டிய நொடியில் கால் எவ்வளவு எளிதாக விடுபடுகிறது என்ற இந்த மூன்றும்தான் ஒருவர் ஆண்டுக்கணக்கில் வலியில்லாமல் ஓட்டுவாரா என்பதை முடிவு செய்கின்றன.

குதிகால் பக்கவாட்டில் அசையும் அளவை நாம் ஃப்ளோட் என்கிறோம். இதை வைத்து நடந்த ஒரு நிகழ்வைப் புதிதாக வருபவர்கள் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். எங்களுடன் நீண்ட தூரம் ஓட்டும் ஒருவர் லுக் நிறுவனத்தின் கியோ பெடலில் சிவப்பு கிளீட் போட்டு எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு சைக்கிள் மாற்றியபோது ஷிமானோவின் சாலைப் பெடல் வகையான எஸ்பிடி-எஸ்எல்லுக்கு மாறினார். பழக்கமான நிறம் என்பதால் அதிலும் சிவப்பு கிளீட்டையே வாங்கிப் பொருத்தினார். சில வாரங்களில் வலது முழங்காலின் வெளிப்பக்கத்தில் வலி தொடங்கியது. இருக்கையை உயர்த்தினார், தாழ்த்தினார், பின்னால் தள்ளினார், ஓட்டும் தூரத்தைக் குறைத்தார், வலி விலகவில்லை. காரணம் ஃப்ளோட் அளவைக் காட்டும் நிறத்தில் இருந்தது. லுக் கியோவில் கறுப்பு 0 பாகை, சாம்பல் 4.5 பாகை, சிவப்பு 9 பாகை. ஷிமானோவிலோ சிவப்பு 0 பாகை, நீலம் 2 பாகை, மஞ்சள் 6 பாகை. ஒரு நிறுவனத்தில் மிகுந்த சுதந்திரம் தரும் நிறம் மற்றொன்றில் காலை முற்றிலும் பூட்டிவிடுகிறது. மஞ்சள் கிளீட்டுக்கு மாறிய பின் அவருடைய வலி படிப்படியாகக் குறைந்து நின்றது.

பூட்டினால் ஏன் வலிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஒவ்வொரு மிதியிலும் முழங்கால் மடங்கி நீளும்போது கீழ்க்கால் எலும்பு தன் அச்சில் சிறிதளவு சுழல்கிறது. அந்தச் சுழற்சிக்குப் பாதத்தில் இடம் கிடைக்காவிட்டால் முறுக்கு முழுவதையும் முழங்கால் மூட்டே ஏற்க வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 90 சுற்று மிதிப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலாலும் 5,400 முறை மிதிக்கிறார் என்பதை நினைத்துப் பார்த்தால், ஓரிரு பாகைப் பிழை எப்படி வலியாக வளர்கிறது என்பது விளங்கும். எனவே தொடங்குபவர்கள் மஞ்சள் ஷிமானோவோ, சாம்பல் அல்லது சிவப்பு லுக்கோ எடுப்பதுதான் நல்லது. 0 பாகை கிளீட், தன் பாதத்தின் கோணத்தைத் துல்லியமாக அறிந்து, அதைத் தேர்ந்தவர் ஒருவர் அளந்து பொருத்தியவர்களுக்கே உரியது.

ஆனால் ஃப்ளோட் அதிகம் இருக்கிறது என்பதற்காகக் கிளீட்டை எப்படி வேண்டுமானாலும் பொருத்திவிட முடியாது. அசைவு வரம்பின் நடுவில் பாதம் இயல்பாக நிற்க வேண்டும். வரம்பின் ஓரத்தில் இடித்துக்கொண்டே நின்றால் 9 பாகையும் 0 பாகையும் ஒன்றுதான். உயரமான மேசையின் விளிம்பில் அமர்ந்து கால்களைத் தளர்வாகத் தொங்கவிட்டு, விரல்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று மற்றொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு கால்களும் ஒன்றுபோல் இருப்பது அரிது; இடது கிளீட்டை அளவெடுத்து அதே அளவில் வலதையும் பொருத்துகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். முன்பின்னாகப் பார்த்தால், பெருவிரலின் அடிமூட்டுக்கும் சுண்டுவிரலின் அடிமூட்டுக்கும் இடைப்பட்ட பகுதி பெடல் அச்சுக்கு மேலே வருவது நல்ல தொடக்கம். கெண்டைக்காலோ குதிகால் தசைநாணோ அடிக்கடி இறுகுகிறவர்கள் கிளீட்டைச் சில மி.மீ. பின்னுக்கு நகர்த்தினால் அந்தத் தசைகளின் சுமை குறைகிறது. பழைய கிளீட்டைக் கழற்றும் முன் அதன் விளிம்பைச் சுற்றி ஷூவின் அடியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு முறை சரியாக அமைந்த நிலையைத் தொலைத்துவிட்டு மீண்டும் தேடுவது மிகவும் வருத்தம் தரும் வேலை.

பாதம் இயல்பிலேயே வெளிப்பக்கம் நன்றாகத் திரும்பி நிற்கும் ஒரு பெண்மணி எங்கள் குழுவில் இருக்கிறார். லுக், ஷிமானோ எஸ்பிடி-எஸ்எல் போன்ற, மூன்று திருகுகளால் ஷூவில் பொருத்தும் மூன்று துளைக் கிளீட்டுகளில் அவர் எதைப் போட்டாலும், குதிகாலை உள்நோக்கித் திருப்பும் முயற்சியில் வரம்பின் எல்லை அவரைத் தடுத்துக்கொண்டே இருந்தது. அவர் ஸ்பீட்பிளே ஸீரோ என்ற பெடலுக்கு மாறினார். அதில் பெடல் ஒரு சிறிய வட்டம் மட்டுமே. பூட்டும் பொறிமுறை முழுவதும் கிளீட்டுக்குள் இருக்கிறது. 0 முதல் 15 பாகை வரை அசைவைத் திருத்திக்கொள்ளலாம் என்பதோடு, உட்பக்க எல்லைக்கும் வெளிப்பக்க எல்லைக்கும் தனித்தனித் திருகுகள் இருக்கின்றன. பெடலின் இரு பக்கமும் ஒன்றாகையால் எந்தப் பக்கம் என்று கீழே குனிந்து பார்க்கவும் தேவையில்லை. முதல் சில நாட்கள் கால் பிடிப்பில்லாமல் வழுக்குவதுபோல் இருந்ததாக அவர் சொன்னார். பாதத்தை நடுவுக்கு இழுக்கும் வில் அதில் இல்லாததே காரணம். அந்த உணர்வு பழகிய பிறகு அவர் வேறு பெடலைப் பற்றிப் பேசியதே இல்லை. ஆனால் மண் தரையில் நடந்துவிட்டு அப்படியே ஏறினால் கிளீட்டுக்குள் தூசி புகுந்து பூட்டுவது கடினமாகிறது. கிளீட் உறை போட்டு நடப்பது, அவ்வப்போது சுத்தம் செய்து ஈரமில்லாத மசகு இடுவது ஆகியவற்றுக்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

விடுபடுவதைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும், ஏனெனில் கிளிப்லெஸ் பெடல் பிறந்த காரணமே அதுதான். முன்பு பந்தய வீரர்கள் கிளிப் எனப்பட்ட கூண்டும் தோல்வாரும் கொண்ட பெடலில் காலைக் கட்டிக்கொண்டு ஓட்டினார்கள்; நிறுத்துமுன் குனிந்து கையால் வாரைத் தளர்த்த வேண்டும். 1970களின் தொடக்கத்தில் சினெல்லி வெளியிட்ட எம்71 பெடலில் கூண்டு இல்லை, ஆயினும் காலை விடுவிக்கக் கையால் ஒரு நெம்பியைத் தள்ள வேண்டியிருந்தது. பனிச்சறுக்குக் காலணிப் பூட்டுகளைச் செய்துவந்த லுக் நிறுவனம் 1984இல் குதிகாலைத் திருப்பினால் தானே விடுபடும் பெடலைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே பிரெஞ்சுப் பந்தய வீரர் பெர்னார் இனோ அதைப் பூட்டி டூர் டி பிரான்ஸை வென்றார். நாற்பது ஆண்டுகள் கடந்தும் சாலைப் பெடல்களின் அடிப்படை அதுதான்.

ஆகவே புதியவர்கள் முதலில் செய்ய வேண்டியது விடுவிப்பு இறுக்கத்தை மிகக் குறைந்த நிலைக்குக் கொண்டுவருவது. பெரும்பாலான பெடல்களில் அதற்கென ஆலன் சாவியால் திருப்பும் ஒரு சிறு திருகு உண்டு. லுக் கியோ பிளேடு போன்றவற்றில் திருகு இல்லை. வில்லாக இயங்கும் கார்பன் தகட்டையே வேறு இறுக்கம் உள்ளதாக மாற்ற வேண்டும். எனவே அவ்வகைப் பெடலை முதல் பெடலாக வாங்குகிறவர்கள் மென்மையான தகட்டைக் கேட்டு வாங்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஒவ்வொரு காலையும் பலமுறை பூட்டி விடுவித்துப் பழகுங்கள். கால் கீழ்நிலையில் இருக்கும்போது குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்புவது எளிது. நிற்பதற்குச் சற்று முன்பாகவே, சைக்கிள் இன்னும் உருண்டுகொண்டிருக்கையிலேயே, ஒரு காலை விடுவித்துவிட வேண்டும்.

தினமும் நெரிசலான சாலையில் வேலைக்குச் சென்றுவரும் நண்பர் ஒருவர், சாலை சைக்கிள் என்றால் மூன்று துளைக் கிளீட்தான் என்று பிறர் சொன்னதைக் கேட்டு எஸ்பிடி-எஸ்எல் வாங்கியிருந்தார். ஒவ்வொரு சிக்னலிலும் பெடல் தலைகீழாகத் திரும்பிக்கொள்ள, பின்னால் வாகனங்கள் ஒலிக்க, காலால் பெடலைத் தேடுவதே அவருக்குப் பெரும் பதற்றமாக இருந்தது. நிற்கும்போதெல்லாம் தரையில் ஊன்றிய இடது கிளீட், வலதைவிட மிக வேகமாகத் தேய்ந்தது. அவர் ஷிமானோவின் மற்றொரு வகையான, இரண்டு துளைக் கிளீட் கொண்ட எஸ்பிடிக்கு மாறியதும் அந்தப் பதற்றம் தீர்ந்துவிட்டது. இரு பக்கமும் பூட்டலாம். எஃகுக் கிளீட் ஷூவின் அடியில் உள்ளடங்கி இருப்பதால் படியேறலாம், நடக்கலாம். எஸ்எச்56 என்ற கிளீட்டைப் போட்டால் காலைப் பல திசைகளில் திருப்பியும் விடுபடலாம். சாலை சைக்கிளில் எஸ்பிடி பூட்டுவது தகுதிக் குறைவு என்ற எண்ணத்தை நான் கடுமையாக மறுக்கிறேன். இரவும் பகலும் ஓட்டி இடையிடையே இறங்கி நடக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டிகள் பலர் அதைத்தான் விரும்புகிறார்கள். அகன்ற தளம் இல்லாததால் மென்மையான ஷூவுடன் போட்டால் பாதத்தின் ஒரு புள்ளியில் அழுத்தம் குவியும் என்பது உண்மை. கடினமான அடிப்பாகம் உள்ள ஷூ அதைச் சரிசெய்கிறது. எந்த வகையை எடுத்தாலும், ஷூவில் துளைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்த பிறகே பெடலை வாங்குங்கள்.

எல்லோரும் கேட்டுவைத்துக்கொள்ள வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. குழுவாகச் சென்றபோது ஒருவர் வலது குதிகாலை எவ்வளவு திருப்பியும் கால் விடுபடவில்லை என்று பதறினார். அவருடைய கிளீட்டின் மூன்று திருகுகளில் இரண்டு வழியில் எங்கோ கழன்று விழுந்திருந்தன. எஞ்சிய ஒற்றைத் திருகைச் சுற்றி ஷூ மட்டும் சுழன்றது, கிளீட்டோ பெடலிலேயே நின்றது. அவர் இடது காலை விடுவித்து, மெதுவாக ஓரம் கட்டி, அந்தக் காலை ஊன்றி நின்று, வலது ஷூவின் பட்டையைத் தளர்த்திப் பாதத்தை மட்டும் உருவிக்கொண்டார். இடது பக்கம் இப்படி ஆகியிருந்தால், எப்போதும் இடது காலையே ஊன்றிப் பழகிய அவர் விழுந்திருப்பார். ஷிமானோ இந்தத் திருகுகளுக்குச் சொல்லும் முறுக்கு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். திருகு மரையில் கிரீஸ் தடவி அந்த அளவுக்கு இறுக்கி, முதல் சவாரிக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். இரண்டு கால்களாலும் ஊன்றப் பழகுவதும் நல்லது.

பெடலைக் காலால் மேலே இழுத்து வலிமை கூட்டலாம் என்ற ஆசையிலும் பலர் வருகிறார்கள். அப்படி விடாமல் இழுத்துப் பழகிய ஒருவருக்கு இடுப்பின் முன்பக்கத் தசை வலிதான் மிஞ்சியது. வேண்டுமென்றே மேலே இழுத்து மிதிப்பது சீரான ஓட்டத்தில் உடலின் ஆற்றல் திறனைக் குறைப்பதாகவே ஆய்வக அளவீடுகளும் காட்டியுள்ளன. வேகமாகச் சுழற்றும்போதும், எழுந்து நின்று விரையும்போதும், குழிகளில் அதிரும்போதும் பாதம் தன் இடத்தை விட்டு நழுவாமல் இருப்பதுதான் இந்தப் பெடலின் உண்மையான பயன், அதுவே போதுமான பயன்.

பொருத்துவது பற்றிச் சுருக்கமாக ஒரு குறிப்பு. இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டது. இருபுறமும் ஸ்பேனரின் மேல்முனையைச் சைக்கிளின் முன்பக்கம் நோக்கித் தள்ளினால் இறுகும், பின்பக்கம் தள்ளினால் கழலும். கிரீஸ் இல்லாமல் பூட்டினால் பின்னாளில் கழற்றுவது பெரும்பாடு.

மிதிவலிமையை அளக்கும் பெடலைப் பின்னாளில் வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே கணக்கில் எடுங்கள். அவை குறிப்பிட்ட கிளீட் வகைகளுக்கே செய்யப்படுகின்றன. ஃபவேரோ நிறுவனத்தின் அசியோமா டுவோ என்ற பெடல், லுக் கியோ வடிவக் கிளீட்டை ஏற்கிறது. அதன் டுவோ-ஷி வகையில் ஷிமானோவின் பெடல் உடலையே கழற்றி மாட்டிக்கொள்ளலாம், ஆனால் பாதம் இயல்பைவிட வெளியே தள்ளி நிற்கும். இடுப்பு அகன்ற ஒருவர் அந்த அகலத்தில் முன்பைவிட வசதியாக ஓட்டுகிறார். கால்களை நெருக்கி வைத்து ஓட்டிப் பழகிய மற்றொருவரோ முழங்காலின் உட்பக்கத்தில் இழுப்பு வந்து, அதை விட்டுவிட்டுப் பழைய பெடலுக்கே திரும்பினார்.