வீட்டை வித்துப்போட்டு படகிலேயே இருக்கலாமோ?

நானும் மனுசியும் கோண்டாவில் வீட்டை வித்து ஒரு பாய்மரப் படகு வாங்கி அதிலேயே சீவிப்பம் எண்டு யோசிக்கிறம், பிள்ளையள் கனடாவில, என்ன சொல்லுறியள்?

மறுமொழி 1
அண்ணை, வீட்டை வாடகைக்கு விடுங்கோ, விக்காதேங்கோ. படகு வருசா வருசம் விலை இறங்கிற சாமான், அடியில சிப்பி பிடிக்கும், தூக்கிச் சுரண்டி பெயிண்ட் அடிக்கோணும், பாயும் கயிறும் வெயிலில உக்கும், செலவு நிக்கவே நிக்காது.

மறுமொழி 2
நான் வல்வெட்டித்துறை. எங்கட ஊரில கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் 1938இல அமெரிக்காவின்ர குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் பாயிலயே போனது, அதால ஆசை விளங்குது. ஆனா பாக்குநீரிணை ஆழம் குறைவு, தண்ணிக்குக் கீழ அடிக்கட்டை ஆழமா இறங்கின படகெண்டா மணலில தட்டும். வாடைக்காத்துக்கு முதல் ஒதுங்க இடம் பாருங்கோ.

மறுமொழி 3
அக்காவுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமோ? முதல்ல ஆரின்ரையாவது படகில கொஞ்ச நாள் இருந்து பாருங்கோ.